ஆபீஸ் முடிந்ததும் டிராமா

சென்னைப் புறநகரான குன்றத்தூருக்கு முருகன் மலையைத் தவிர இன்னொரு பெருமையும் உண்டு. சேக்கிழார் பிறந்த ஊர் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்து, உத்தமசோழப் பல்லவராயன் என்ற பட்டம் பெற்றவர் அவர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருநாகேச்சரத்தின் மீது கொண்ட பற்றால், அதே பெயரில் சொந்த ஊரிலும் ஒரு கோயில் எழுப்பினார். இன்றைய மொழியில் சொன்னால் வெளியூரில் பெரிய அரசு வேலை, மனசு மட்டும் குன்றத்தூரில்.

அந்த அரசு வேலைக்காரர் எழுதிய பெரிய புராணத்தைப் புரட்டினால் தொழில்களின் பட்டியல் ஒன்று கிடைக்கும். திருநீலகண்டர் குயவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தவர். அதிபத்தர் மீன் பிடித்தவர். கலியர் எண்ணெய் ஆட்டியவர். நேசர் நெசவாளர். அமர்நீதியார் வணிகர். ஒருவர் என்ன வேலை செய்தார், அந்த வேலைக்கு நடுவில் அவருக்கு என்ன சோதனை வந்தது என்றுதான் பல கதைகள் நகர்கின்றன.

உத்தியோகம் பார்ப்பவரே கதை சொல்வதும், வேலை செய்யும் இடத்தையே கதைக்களமாக வைப்பதும் தமிழுக்குப் பழக்கமானவை. ஆனாலும் தமிழ்த் தொலைக்காட்சியின் நகைச்சுவை வரலாற்றில் இவற்றில் ஒன்றுதான் நடந்தது. மாதச் சம்பளக்காரர்கள் எழுதினார்கள், நடித்தார்கள், நாட்டையே சிரிக்க வைத்தார்கள். அவர்கள் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த ஆபீஸ் மட்டும் திரையில் வெகு காலம் வரவில்லை. அது ஏன் என்று பார்ப்பதற்கு, தொலைக்காட்சி வருவதற்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும்.

வக்கீல்கள் போட்ட வேஷம்

நாடகம் என்றால் ஊர் ஊராகப் போகும் கம்பெனி என்றிருந்த காலத்தில், 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அவர் வக்கீல், பிறகு சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதி. படித்து உத்தியோகத்தில் இருந்தவர்கள், காசுக்காக இல்லாமல் ஆசைக்காக வேஷம் கட்டிய சபா அது. அவர் எழுதிய 'சபாபதி' 1941-ல் ஏவி.எம். தயாரிப்பில் டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்னமும் நடித்துப் படமாக வந்தது. முதலாளியும் வேலைக்காரனும் ஒருவருக்கொருவர் சளைக்காத அசடுகளாக இருக்கும் கதை. எஜமான்–பணியாள் உறவில் எவ்வளவு சிரிப்பு இருக்கிறது என்பதைத் தமிழர்கள் அதில் கண்டுகொண்டார்கள்.

அதே 1941-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'குமாஸ்தாவின் பெண்' நாடகமும் படமானது. அது அழ வைக்கும் கதைதான். ஆனால் மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குமாஸ்தா ஒரு கதையின் தலைப்பிலேயே இடம்பிடிக்கும் அளவுக்கு நகரத்து வாழ்க்கையின் அடையாளமாகிவிட்டார் என்பதை அந்தப் பெயர் சொல்கிறது.

அந்தக் குமாஸ்தாக்களைச் சென்னையின் தென்புறத்தில் குடியேற்றியதில் ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1931-ல் கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று வாடகை குறைந்த ஊர்களில் குடியிருந்துகொண்டு, சீசன் டிக்கெட்டும் டிபன் பாக்ஸுமாகக் கோட்டைக்கும் பாரிமுனைக்கும் போய்வரும் வாழ்க்கை உருவானது. குன்றத்தூர்க்காரர்கள் பல்லாவரத்துக்கு வந்து ரயில் பிடித்தார்கள். மாலையில் திரும்பும் வழியில் சபாவில் ஒரு டிராமா பார்ப்பது இந்த வாழ்க்கையின் சின்னச் சுகங்களில் ஒன்று.

மேடையேறிய சம்பளக்காரர்கள்

மேடையில் இருந்தவர்களும் அதே ரகத்தினர்தான். கே. பாலசந்தர் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில், சுருக்கமாக ஏ.ஜி.ஸ் ஆபீஸில், வேலை பார்த்தவர். கணக்குத் தணிக்கை பகலில். ராகினி ரிக்ரியேஷன்ஸ் குழுவுக்கு ரிகர்சல் மாலையில். எம்.ஜி.ஆரின் 'தெய்வத்தாய்' படத்துக்கு 1964-ல் வசனம் எழுதியபோதும் அவர் ஆபீஸ் போய்வந்துகொண்டுதான் இருந்தார். அவருடைய குழுவில் நடித்த ஸ்ரீகாந்துக்கு அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வேலை. நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. ஒரு நாடகத்தில் வயிற்றுவலி நோயாளியாகச் சில நிமிடங்களே மேடையில் வந்து, தலைமை தாங்கிய எம்.ஜி.ஆரிடம் பாராட்டு வாங்கியதுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது.

பட்டியல் நீளமானது. சோ வழக்கறிஞர், டி.டி.கே. நிறுவனங்களுக்குச் சட்ட ஆலோசகர். பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தவர். 1947-ல் இந்தியா விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. அவர் மேடையேற்றிய நாடகங்களை எழுதிய சுஜாதா, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். டெல்லி கணேஷ் விமானப்படையில் இருந்துகொண்டே நாடகம் பழகியவர்.

கிரேசி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலைக்குச் சேர்ந்தவர். மாணவராக இருக்கும்போதே, 1972-ல் ஒரு கல்லூரிப் போட்டிக்காக வங்கிக் கொள்ளையை வைத்து 'கிரேட் பேங்க் ராபரி' என்ற குறுநாடகம் எழுதினார். பரிசு கொடுக்க வந்தவர் கமல்ஹாசன். நாலு வருஷம் கழித்து எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா குழுவுக்காக 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'. பெயருக்கு முன்னால் 'கிரேசி' ஒட்டிக்கொண்டது அந்த 1976 நாடகத்தால்தான். சென்னையின் தெற்குக் கடலோரத்தில், அன்று ஊருக்கு வெளியே என்று சொல்லத்தக்க பாலவாக்கத்தைத் தலைப்பிலேயே வைத்து ஒரு சபா நாடகம் ஓடியது, புறநகர் சிரிப்புக்குரிய இடமாக வளர்ந்துவிட்டதற்கு அடையாளம்.

இவர்களில் பலர் வேலையை விட்டுவிட்டு எழுத்துக்கும் நடிப்புக்கும் முழுநேரமாக வந்தார்கள். ஆனால் பழகியதெல்லாம் ஆபீஸ் முடிந்த பிறகுதான். கைதட்டியவர்களும் ஆபீஸ் முடிந்து வந்தவர்கள்தான். லீவ் லெட்டர், இன்கிரிமென்ட், டிரான்ஸ்ஃபர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விளக்கம் இல்லாமலே அரங்கம் சிரித்தது.

ஹோட்டலும் ஆஸ்பத்திரியும்

வேலையிடமே கதையாக வந்த நல்ல உதாரணங்கள் இல்லாமல் இல்லை. பாலசந்தரின் 'சர்வர் சுந்தரம்' ஒரு ஹோட்டல் சர்வரின் கதை. மேடையிலிருந்து 1964-ல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாகி, பின்பாதியில் சினிமா ஸ்டுடியோ என்ற இன்னொரு வேலையிடத்துக்குள் நுழைகிறது. விளக்கு எங்கே வைக்கிறார்கள், பாட்டு எப்படிப் பதிவாகிறது என்பதையெல்லாம் ஜனங்கள் அதில் பார்த்தார்கள். 1965-ல் வந்த 'நீர்க்குமிழி'யில் கதை முழுக்க ஆஸ்பத்திரியில். பாலசந்தர் இயக்கிய முதல் படம் அது. 1964-ன் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷின் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' உண்டு. கையில் மூலதனம் இல்லாமல் கம்பெனி நடத்தும் மனிதரின் கதை. எழுதியவர் சித்ராலயா கோபு.

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் துணிக்கடை ஊழியர்களை வைத்து 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' தொடங்கியது 1972-ல். ஒரு ஹோட்டலுக்குள்ளேயே நடக்கும் 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975-ல். அமைச்சரையும் அவரை ஆட்டிவைக்கும் அதிகாரியையும் பற்றிய 'யெஸ் மினிஸ்டர்' 1980-ல். ஹோட்டல் தொழிலாளியை நாயகனாக்கிச் சிரிக்க வைப்பதில் சென்னை இவற்றுக்கெல்லாம் முந்திக்கொண்டது. ஆனால் பிரிட்டனில் அது வாராவாரம் வரும் தொலைக்காட்சித் தொடராகக் காலூன்றியது. இங்கே ஒரு நாடகம், ஒரு படம் என்று நின்றுவிட்டது.

ஒரு சோபா, ஒரு டெலிபோன்

காரணங்களில் முதலாவது செட். சபா குழுக்களிடம் பணம் கிடையாது. சாமான்களை ஒரு வேனில் ஏற்றி இன்று மயிலாப்பூர், நாளை தாம்பரம் என்று போக வேண்டும். ஒரு சோபா, ஒரு டெலிபோன், இரண்டு பக்கமும் வாசல் என்று ஒரு வீட்டு ஹால் போட்டால் எந்தக் கதைக்கும் பொருந்தும். ஆபீஸ் என்றால் பத்து மேஜை, அலமாரி, கட்டுக் கட்டாய் ஃபைல், அவற்றுக்குப் பின்னால் உட்கார ஆட்கள். அதனால் கதாசிரியர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாயகன் ஆபீஸ் போவதைக் காட்ட வேண்டாம். ஆபீஸ் அவன் வீட்டுக்கு வரட்டும். பொய் சொல்லி லீவ் போட்டவன் வீட்டுக்கு மேனேஜர் வந்து நிற்பார். அவர் கிளம்புவதற்குள் செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர் உள்ளறையிலிருந்து வந்துவிடக் கூடாது. இந்த ஒரு முடிச்சில் எத்தனையோ நாடகங்கள் ஓடின.

இரண்டாவது காரணம் மெமோ பயம். மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1964-ல் வந்தவை. அரசின் கொள்கையையோ செயலையோ பணியாளர் பொதுவெளியில் விமர்சிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கலை, இலக்கியம் பண்ணத் தடையில்லை. இருந்தாலும் தினமும் தலைநிமிர்ந்து பார்க்க வேண்டிய சூப்பிரண்டையே மேடையில் நையாண்டி செய்துவிட்டு மறுநாள் காலை அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போடுவது எளிதா? மாமனாரைக் கிண்டல் செய்வதில் அந்தச் சங்கடம் இல்லை. வேலையில் இருந்தவர்களின் நகைச்சுவை குடும்பத்தின் பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, கைவசம் தயாராக இருந்த நகைச்சுவை இதுதான். சபா குழுக்கள் ஸ்டுடியோவுக்குள் வந்தன. சோபாவும் டெலிபோனும் கூடவே வந்தன. செவ்வாய்க்கிழமை நாடகத்துக்காகத் தெருவில் டி.வி. இருந்த வீட்டில் எல்லோரும் கூடினார்கள். எஸ்.வி. சேகரின் 'வண்ணக் கோலங்கள்' போன்ற தொடர்கள் அந்தப் பார்வையாளர்களுக்காகவே வந்தவை. தேவனின் 'துப்பறியும் சாம்பு'வாகக் காத்தாடி ராமமூர்த்தி நடித்தார். சாம்பு யார்? வங்கியில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய, அசடு என்று பெயரெடுத்த மனிதர். அவர் பெயரும் புகழும் பெறுவது வங்கியை விட்டு வெளியே வந்த பிறகுதான். கதையே ஆபீஸிலிருந்து தப்பித்துப் போகும் கதை.

தில்லியிலும் பம்பாயிலும் வேறு மாதிரி நடந்தது. 1989-ல் தூர்தர்ஷனில் பிரகாஷ் ஜா இயக்கிய 'முங்கேரிலால் கே ஹசீன் சப்னே'யில் ரகுவீர் யாதவ், பகல் கனவு காணும் சாமானிய குமாஸ்தாவாக நடித்தார். 2001-ல் சப் டி.வி.யில் 'ஆபீஸ் ஆபீஸ்' வந்தது. பங்கஜ் கபூர் நடித்த முசத்திலால், ஒவ்வொரு வாரமும் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போய் ஒரு சின்னக் காரியத்துக்காக அலைக்கழிக்கப்படுவார். ஃபைலை நகர்த்தாத அதே ஐந்து ஊழியர்கள் வாரம் ஒரு ஆபீஸில் வேறு வேறு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அதே ஆண்டு 'யெஸ் மினிஸ்ட'ரும் பாரூக் ஷேக் நடிக்க 'ஜீ மந்திரிஜி' என்று இந்திக்கு வந்தது. தமிழில் அப்படி ஒன்று, அதே வலுவோடு, அந்தக் காலத்தில் எழவில்லை.

சுத்தியல் விழுந்த இடம்

1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. வந்தது. ராஜ், விஜய், ஜெயா என்று சேனல்கள் பெருகின. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' 1998-ல் வந்து நடுத்தர வர்க்கத்தை மனதாரச் சிரிக்க வைத்தது. கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. சண்டையும் சமாதானமும் வீட்டுக்குள்தான். அதற்கடுத்த ஆண்டு தொடங்கிய 'சித்தி', திங்கள் முதல் வெள்ளி வரை தினத்தொடர் என்ற பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்தது. வாரம் ஒரு நாள் வரும் நகைச்சுவைக்கு நேரம் சுருங்கியது. ஆபீஸ் காட்சி என்றால், வில்லி சதி செய்யும் கண்ணாடி அறை என்றாகிவிட்டது.

இந்த இடைவெளியில் வேலையிடத்துச் சிரிப்பு சினிமா வழியாகத் தொலைக்காட்சிக்குள் வந்தது. அது குமாஸ்தா கண்டிராத உலகம். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் கவுண்டமணியின் கடையும் அங்கே இருக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கும், 'கரகாட்டக்கார'னில் (1989) ஊர் ஊராகப் போகும் ஆட்டக் குழு, 'ஃப்ரண்ட்ஸ்' (2001) படத்தில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியாக வடிவேலு. தொழில் கற்றுக்கொடுப்பவரின் அவஸ்தை, எடுபிடியின் அசட்டுத்தனம், கூலிச் சண்டை, மேலிருந்து விழும் சுத்தியல் என்று உடலால் உழைப்பவர்களின் இடங்கள் இவை. காமெடி சேனல்கள் இந்தக் காட்சிகளைப் பகலும் இரவும் திரும்பத் திரும்ப ஓட்டின. தொடரின் ஒரு அத்தியாயத்தைப் போல ஜனங்கள் அவற்றை மனப்பாடம் செய்தார்கள். 2019 மே மாதம் நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லும் ஹேஷ்டேக் உலகம் முழுக்க ட்விட்டரில் ஓடியது. பதினெட்டு வருஷம் பழைய படத்துக்கு அந்த உயிரைத் தந்ததில் தொலைக்காட்சி மறு ஒளிபரப்புக்கு முக்கியப் பங்கு உண்டு.

சபா நாடகம் வீட்டு ஹாலில் கதை சொன்னபோது, தமிழர்களுக்கு வேலையிடத்தைக் காட்டிச் சிரிக்க வைத்தவர்கள் கவுண்டமணியும் செந்திலும் வடிவேலுவும்தான். இதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வரலாறு எழுதுகிறவர்கள் சபாவை ஒரு வரிசையிலும் சினிமா காமெடியை இன்னொரு வரிசையிலும் வைத்துப் பேசுவதால் இது கண்ணில் படாமல் போகிறது.

கண்ணாடிக் கட்டடத்திலிருந்து ஊராட்சி மன்றத்துக்கு

மென்பொருள் நிறுவனங்கள் பழைய மாமல்லபுரம் சாலையை மாற்றிய பிறகு, 2013-ல் விஜய் டி.வி. 'ஆபீஸ்' என்ற பெயரிலேயே ஒரு தொடரைத் தொடங்கியது. ஐ.டி. அலுவலக இளைஞர்களின் காதலும் கலகலப்புமாக 2015 வரை ஓடியது. பிறகு இணையத் திரைக்குக் கதை நகர்ந்தது. 2023-ல் ஆஹா தளத்தில் 'வேற மாறி ஆபீஸ்' வந்தது. அதுவும் ஐ.டி. களம்தான்.

உண்மையான திருப்பம் 2024 செப்டம்பரில் அமேசான் பிரைமில் வந்த 'தலைவெட்டியான் பாளையம்'. இந்தித் தொடரான 'பஞ்சாயத்'தின் தமிழ் வடிவம். நகரத்துப் பையன் ஒருவன் திருநெல்வேலிப் பக்கக் கிராமத்தில் ஊராட்சிச் செயலராக வந்து சேர்கிறான். வேலையிடம் ஊராட்சி அலுவலகம். பிரச்சினை தெருவிளக்கு, நாற்காலி, கையெழுத்து. ஊராட்சித் தலைவியாகத் தேவதர்ஷினி, அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் கணவராகச் சேத்தன். இயக்கியவர் நாகா. ரமணி தம்பதியின் வீட்டுக்குள் கதை சொன்ன அதே நாகா, இருபத்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு அரசு அலுவலகத்தின் கதவைத் திறந்தார். அவருடைய 'ரமணி வெர்சஸ் ரமணி' இரண்டாம் பாகத்தில் நடித்த அதே தேவதர்ஷினி இங்கே ஊராட்சித் தலைவியாக நிற்கிறார். 2025-ல் ஹாட்ஸ்டார், வட்டாட்சியர் அலுவலகத்தை வைத்து இன்னொரு 'ஆபீஸ்' தொடரைக் கொண்டுவந்தது.

தாமதமாக வந்தாலும் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. செட் செலவு இன்று தடையில்லை. எழுதுகிறவர்கள் அந்த ஆபீஸில் சம்பளம் வாங்குகிறவர்களும் இல்லை. மெமோ பயமும் இல்லை.

மறுபடி குன்றத்தூர்

பேரூராட்சியாக இருந்த குன்றத்தூர் 2021-ல் நகராட்சியானது. ஒரு பக்கம் வட்டாட்சியர் அலுவலகம். இன்னொரு பக்கம் செம்பரம்பாக்கத்தில், 'பிக் பாஸ்' வீடு போடப்பட்ட ஈ.வி.பி. பிலிம் சிட்டி. மேற்கே ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்பேட்டைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா 2006-ல் வந்து 2014-ல் கதவைச் சாத்திவிட்டுப் போனது. விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்காக ஐ.டி. கார்டோடு நிற்கும் பையன்களும் பெண்களும் இன்று இந்தப் பகுதியின் அன்றாடக் காட்சி. ஷிப்ட் மாற்றம், கேன்டீன் சாப்பாடு, ஹாஸ்டல் அறை, கான்ட்ராக்ட் முடியும் தேதி என்று அவர்களுடைய நாளில் கதைக்குப் பஞ்சமே இல்லை. ஏ.ஜி.ஸ் ஆபீஸுக்கு ஒரு பாலசந்தர் கிடைத்தார். அசெம்பிளி லைனுக்கு அப்படி ஒருவர் தமிழ்த் தொலைக்காட்சியில் இன்னும் வரவில்லை. இந்த வரலாற்றின் பெரிய குறை அதுதான்.

இன்னொரு வேலையும் அவசரமாக இருக்கிறது. ஏ.ஜி.ஸ் ஆபீஸ், ரயில்வே, வங்கி, தொலைபேசித் துறை என்று ஒவ்வொரு ரிக்ரியேஷன் கிளப்பிலும் நாடகம் போட்ட தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயது. நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் அவர்கள் வீடுகளில் கையால் எழுதிய வசன நோட்டுகள், சபா நோட்டீஸ்கள், மேக்கப் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் பரண்மேல் கிடக்கக் கூடும். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள், செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழின் பழைய அச்சுப் பொருள்களைச் சேர்த்துப் பாதுகாப்பதற்காகவே 1994-லிருந்து இயங்குகிறது. அந்த நோட்டீஸ்களையும் நோட்டுகளையும் அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.